எடை நின்றுவிட்டது

12 செப்டம்பர் 2005, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை, புழுக்கம் மட்டும். ஆய்வுக்கூடச் சுவரில் கை வைத்தால் பிசுபிசுப்பு. ஈரத்தை அளக்கிறவளுக்கு இதைவிட மோசமான மாதம் கிடையாது.

எடை எடுத்தது ஐந்து ஜாடி. கரண்ட் இரண்டு தடவை போனது. தராசு மூன்று தடவை மக்கர் செய்தது. நான் ஒரு தடவை கத்தினேன், அட்டெண்டர் மேல். அவர் பாவம், தண்ணீர் கேன் கொண்டு வந்தவர்.

பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா, சாத்தூர்க்காரி. "என்ன படிக்கீக?" என்றாள். காலேஜில் பாடம் எடுக்கிற இந்த வயதிலும் படிக்கிறவள் முகம் போலிருக்கிறது எனக்கு. புரதம் எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, உப்புக் கரைசலில் ஊறினால் எவ்வளவு கூடப் பிடிக்கிறது, அந்த உப்பும் எவ்வளவு அதில் ஒட்டுகிறது, இதை அளக்கிறேன் என்றேன். யோசித்துவிட்டு, "தோசமாவுல உப்பு போட்டா எளகிக்கிருமே, அது மாதிரியா?" என்றாள். நான்கு வருடத்தில் கேட்டதிலேயே நல்ல கேள்வி.

அக்காவின் செருப்பு வார் அறுந்துவிட்டது. ஊக்கு குத்திக்கொண்டு கம்பெனிக்குப் போகிறாள். சனிக்கிழமை வாங்க வேண்டும்.

வாங்க வேண்டியவை: செருப்பு (அக்கா, 7), வடிதாள், தலைவலித் தைலம், சிவப்பு மை.

14 செப்., புதன்

வெடியுப்பு ஜாடிதான் அடங்காத பிள்ளை. சமையலுப்புக் கரைசலில் ஊறவைத்த ஜெலட்டின் கட்டியாக நிற்கிறது. வெடியுப்பில் ஊறியது கொழகொழ. நைட்ரேட் போய் புரதச் சங்கிலியில் ஒட்டிக்கொள்கிறது, இறுகவிட மாட்டேன் என்கிறது. தண்ணீரும் வெளியே வர மாட்டேன் என்கிறது. மேல்தோல் மட்டும் காய்ந்து, தட்டினால் காய்ந்தது போலவே சத்தம். வெட்டிப் பார்த்தால் உள்ளே பச்சை ஈரம்.

இதை நல்ல ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றாம் அத்தியாயம் முடிந்தது.

பாலிலைசின் என்ற செயற்கைப் புரதம், யானை விலை, அந்தக் குப்பியைத் தொடவே பயமாக இருக்கிறது. கடுகளவு. சிந்தினால் என் படிப்பு சிந்தினாற்போல.

மாலை நாலரையிலிருந்து விருதுநகர் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்றேன். திருத்தங்கல் வந்து சேர இருட்டிவிட்டது. அக்கா கை கழுவிக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை கழுவினாலும் நகக்கண்ணில் அந்த வெள்ளிப் பொடி போகாது. அலுமினியம். சின்ன வயதில் அது எனக்கு மருதாணியைவிட அழகு. அந்தக் கையால்தான் எனக்குப் பள்ளிக்கூடம், காலேஜ், எல்லாம்.

16 செப்., வெள்ளி

தூறல். இன்று ஒரு விசேஷம். அத்தான் என்னிடம் பாடம் கேட்டார்.

இவர் அக்கா வீட்டுக்காரர், குருசாமி. எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அக்காவும் அங்கேதான், எட்டாம் நம்பர் ரூம், மருந்து நிரப்புகிற வேலை. பத்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், என் படிப்பைப் பற்றி அவர் கேட்டதெல்லாம் "எப்ப முடியும்?" ஒன்றுதான்.

சாப்பிட்டுக்கொண்டே, "ஏ கலா, நீ சோதிக்க சாமானும் ஆசாரி வச்சிரமும் ஒண்ணுன்னு ஒரு நா சொன்னேல்ல?" என்றார்.

ஆமாம் அத்தான், ஜெலட்டின் என்பது குளித்துத் தலை சீவின வச்சிரம், அவ்வளவுதான் என்றேன். இரண்டும் மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை, இரண்டும் புரதம்தான். சிரித்தார்.

விஷயம் இது. மணி மருந்து என்பார்கள், வானத்தில் பூவாக விரிகிற உருண்டை. பச்சை உப்பும் வெள்ளிப் பொடியும் மற்றதும் சேர்த்துப் பசையில் உருட்டுவது. வழக்கமான பசை மாவு இந்த சீசனில் கிடைக்கவில்லை. ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது. இங்கே பைண்டிங் கடையிலிருந்து வச்சிரம் வாங்கி உருட்டிவிட்டார். முதலாளிக்குத் தெரியாது.

"வெயிலும் இல்ல. காஞ்சிச்சா இல்லையான்னு பிடிபட மாட்டேங்கு. தகரத் தட்டுல போட்டா டங்குன்னு கேக்கு. ஆனா எம்மனசுக்கு ஒப்பல. ஒன் தராசுல போட்டுப் பாத்துச் சொல்லேன்."

 பச்சை உப்பும் வெடியுப்பு போல நைட்ரேட்தான், என் ஜாடிக்குச் சொந்தம்.  எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: என் தராசு ஒருவருக்கு வேண்டியிருக்கிறது. கொண்டு வாங்க அத்தான் என்றேன்.

17 செப்., சனி

நான்கு உருண்டை. கொண்டைக்கடலை அளவு, சாம்பல் வெள்ளி. வெற்றிலை டப்பாவில் பஞ்சு வைத்துக் கொடுத்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் ஒருவர் பீடியைப் பற்ற வைத்தார். கண்டக்டர் திட்டி அணைக்கச் சொன்னார். எனக்கு வியர்த்தது.

காய்கிறதா என்று பார்க்க உலர் ஜாடி வேண்டும். உலர் ஜாடியில் நீல மணிகள் ரோஸாகிக் கிடக்கின்றன, குடிக்க வேண்டிய ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டன. சுட்டு எடுத்தால் திரும்ப நீலமாகும். சுடுகிற அடுப்பு ரிப்பேர். மெக்கானிக் மதுரையிலிருந்து வர வேண்டும். வருவான், வருவான்.

வெடியுப்பு ஜாடியில், அடியில் கிடக்கிற கரைசலுக்கு மேலே, ஒரு தட்டு காலி. அதில் வைத்தேன். எங்கே வைத்தால் என்ன, எடை நின்றால் நின்றதுதான்.

செருப்பு வாங்கினேன். நீல வார். அக்கா காலை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கம்பெனி வாசல்ல விட்டுட்டு உள்ள வெறுங்காலா திரியப்போறேன், அதுக்கு இம்புட்டுப் பகுமானமா?" என்றாள். ஆனால் ராத்திரி கட்டிலுக்கு அடியில் தள்ளாமல் பெட்டியோடு அலமாரியில் வைத்தாள்.

19 செப்., திங்கள்

காலை 10: உருண்டைகளின் எடை குறைந்திருக்கிறது, கொஞ்சம்.
மாலை 3: இன்னும் கொஞ்சம்.

நேற்று ஞாயிறு, அக்கா நாள் முழுக்கப் படுத்தே இருந்தாள், தலைவலி. புது மருந்தில் வாடை என்கிறாள். "மூத்திர வாட அடிக்குதுடி. கண்ண எரிக்கி. நானும் சந்தனமாரியும் இன்னும் ரெண்டு பேரும் அந்த ரூமுக்குள்ள போ மாட்டோம்னுட்டோம். வெளிய வராந்தால ஒக்காந்து லேபிள் ஒட்டுதோம்." அத்தானுக்குக் கடுகடுப்பு. பெண்டாட்டியே முரண்டு பிடித்தால் மற்றவர்களை எப்படி அதட்டுவது?

நான் பெரிய மேதாவி போல விளக்கினேன். வச்சிரம் தோலிலிருந்து காய்ச்சுவது, ஈரத்தில் நாறத்தான் செய்யும், பயப்பட ஒன்றுமில்லை. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ சொன்னா சரிதான்."

20 செப்., செவ்வாய்

மழை. இரண்டு தடவை எடை எடுத்தேன். கடைசி இலக்கம் மட்டும் ஆடுகிறது. ஜாடி மூடியைத் திறந்தபோது லேசாக ஏதோ நெடி. பக்கத்து மேசையில் எம்.எஸ்ஸி. பிள்ளைகள் அம்மோனியா பாட்டிலைத் திறந்து போட்டிருக்கும். சொல்லி வைக்க வேண்டும்.

அந்தப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டது.

21 செப்., புதன்

நின்றுவிட்டது. காலை, மதியம், மாலை மூன்றும் ஒரே எண். நான்காம் இலக்கம்கூட அசையவில்லை. இப்படி அழகாக நிற்பது என் சொந்த ஜெலட்டினுக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அத்தான், "நின்னுருச்சா?"

"நின்னுருச்சு அத்தான்."

"எழுதிக் குடு. மத்த பொம்பளைகளுக்குக் காட்டணும், சும்மா சொன்னா நம்ப மாட்டாக."

காலேஜ் பெயர் அச்சடித்த தாள் ஒன்று பையில் இருந்தது. எடை நோட்டை அடியில் வைத்து எழுதினேன். 'மணி மருந்து மாதிரி. மூன்று முறை எடை எடுத்ததில் மாற்றமில்லை. எடை நின்றுவிட்டது.' கீழே கையெழுத்து, தேதி. கையெழுத்துக்குக் கீழே எம்.எஸ்ஸி., எம்.ஃபில். என்றும் போட்டேன். அந்தப் பகுமானம் எதற்கு என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

அத்தான் தாளை மடிக்காமல் காலண்டர் அட்டைக்குள் வைத்து எடுத்துப்போனார்.

23 செப்., வெள்ளி

விட்டு விட்டு மழை. காலேஜ் முற்றத்தில் தவளை.

என் தாள் எட்டாம் நம்பர் ரூம் கதவில். உள்பக்கம். அத்தான் ஒட்டிவிட்டாராம். "வச்சிரம் போட்டுல்லா ஒட்டியிருக்கேன், கதவு போனாலும் தாளு போகாது" என்று ஒரே பெருமை. அக்காவுக்கு அதைவிட. சந்தனமாரியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாளாம். 'இந்தா பாருடி, எந்தங்கச்சி எழுத்து. எம்புட்டு நேரா இருக்கு பாரு.'

வராந்தாவில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். ரூமில் இப்போது அக்காவைச் சேர்த்துப் பன்னிரண்டு பேர். மேடையில் காயப்போட்டிருந்த மணி மருந்தையும் அள்ளி, அட்டைப் பெட்டிகளில் போட்டு, அந்த ரூமிலேயே சுவரோரம் அடுக்கியாயிற்று. மழையில் மேடையில் கிடந்தால் திரும்ப ஈரமாகுமே. காய்ந்ததைத்தானே அள்ளினார்கள்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது.    

24 செப்., சனி

மெக்கானிக் வந்தான்! அடுப்பு சரியாகிவிட்டது. நீல மணிகளைச் சுட வைத்தேன். ரோஸ் போய் நீலம் ஏறுவதைப் பார்க்க எனக்கு இன்னும் சின்னப் பிள்ளை மாதிரி ஆசை.

உள்மதிப்பீட்டுத் தேர்வுத் தாள்கள் 48. தொடவில்லை.

வீட்டுக்காரம்மா அம்மிக்கல்லைத் திரும்பக் கேட்டாள். கொடுத்தாயிற்று என்று அக்கா சொல்கிறாள். கொடுக்கவில்லை. கிணற்றடியில் கிடக்கிறது. நான் ஏன் நடுவில் பேச வேண்டும்?

25 செப்., ஞாயிறு

வெயில் கொஞ்சம் தலை காட்டியது. கம்பெனி லீவு. துணி துவைத்தோம்.

அக்கா பிழிந்துகொண்டே சொன்னாள்: "மழைக்கு எங்க ரூமு இதமா இருக்குடி. அந்தப் பெட்டி மேல கைய வச்சா இளஞ்சூடா இருக்கு. குளிர்ற நேரத்துல மாத்தி மாத்திக் கை வச்சிக்கிடுதோம். சந்தனமாரி முதுகக் குடுத்துச் சாஞ்சுக்கிடுதா."

எதற்குச் சூடாக இருக்கிறது என்று கேட்டேன்.

"காஞ்ச மருந்துல்லா. காஞ்சது சூடாத்தான இருக்கும்."

நானும் தலையாட்டினேன். தகர ஓடு, மத்தியான வெயில், அடைத்த ரூம் என்று நானே காரணங்களை அடுக்கிக்கொண்டேன். மத்தியான வெயில் எங்கே அடித்தது இந்த வாரம்?

27 செப்., செவ்வாய்

இடியோடு மழை நேற்று. இன்று பிசுபிசுப்பு.

உலர் ஜாடி தயார். பளிச்சென்று நீலம். அத்தானுடைய நான்கு உருண்டையும் இன்னும் வெடியுப்பு ஜாடியில் இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தன. தூக்கிப் போட வழியில்லை, எங்கே போடுவது அதை? உலர் ஜாடிக்கு மாற்றினேன். என் ஜெலட்டினுக்குத் தட்டு கிடைத்தது.

மாற்றும்போது நெடி. பக்கத்து மேசையில் இன்று யாருமே இல்லை.

28 செப்., புதன்

உருண்டைகளைச் சும்மா எடை பார்த்தேன். குறைந்திருக்கிறது. கடைசி இலக்கம் இல்லை, இரண்டாம் இலக்கம். தராசு மக்கர். நாளை திரும்ப.

அக்காவுக்கு இருமல். கண் சிவப்பு. நாளைக்கு லீவு போடேன் என்றேன். "ஆர்டர் முடியப்போற நேரத்துல லீவு போட்டா ஒங்கத்தானுக்குத்தான் கேவலம். நீயே தாளு எழுதிக் குடுத்துட்டு நீயே லீவு போடச் சொல்லுத" என்று சிரித்தாள்.

தேர்வுத் தாள் 11 முடித்தேன். மீதி 37.

29 செப்., வியாழன்

காலை 8.50. மப்பு. காற்று இல்லை. முதல் பீரியட் இல்லை. தாள் திருத்தல்.

9.15. பதினேழாவது தாள். இரண்டு மார்க் கேள்வி: நிலையான எடை என்றால் என்ன? பிள்ளை எழுதியிருக்கிறது: 'எடை மாறாமல் நின்றால் அந்தப் பொருள் முழுவதும் உலர்ந்துவிட்டது என்று பொருள்.'

தவறு என்று சிவப்பு மையில் அடித்தேன். பூஜ்யம் போட்டேன். ஓரத்தில் எழுதியும் வைத்தேன், என் வழக்கப்படி, முள் மாதிரி எழுத்தில்: 'எந்தக் காற்றில் வைத்தாய்? ஈரக் காற்றில் நின்றால் உள்ளே போகிற நீரும் வெளியே வருகிற நீரும் சமம் என்றுதான் பொருள். நீர் உள்ளேயே இருக்கிறது.'

எழுதிவிட்டுப் பதினெட்டாவது தாளை எடுத்தேன். இரண்டு வரி படித்தேன். பிறகு பேனா கீழே விழுந்தது.

வெடியுப்பு ஜாடி. அடியில் உப்புக் கரைசல், அதற்குள் இருக்கிறது ஈரக் காற்று. நான் ஈரக் காற்றில் வைத்து எடை நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் காய்ந்துவிட்டது என்று படித்திருக்கிறார்கள். வேறு எப்படிப் படிப்பார்கள்? தட்டில் அரிசி காயப்போட்டவள் யாராக இருந்தாலும் அப்படித்தான் படிப்பாள். அந்தப் பிள்ளைக்குப் பூஜ்யம் போட்டேன். எனக்கு யார் போடுவது?

9.30. உலர் ஜாடி திறந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அழுகை இல்லை, நெடி. அம்மோனியா. அக்கா சொன்ன மூத்திர வாடை. வச்சிரம் நாறவில்லை. ஈரத்தில் அலுமினியமும் நைட்ரேட்டும் ஒன்றை ஒன்று தின்கின்றன. தின்னும்போது அம்மோனியா வரும். சூடு வரும். நான்கு உருண்டையில் சூடு தெரியாது. பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்தால் சூடு போக வழியில்லை, ஏறிக்கொண்டேதான் போகும்.

மாற்றி மாற்றிக் கை வைத்துக் குளிர் காய்கிறார்கள்.

எடை: நேற்றைவிட இன்னும் கீழே.

9.40. அத்தான் செல் அணைத்திருக்கிறது. கம்பெனி கேட்டில் செல்லை வாங்கி வைத்துக்கொள்வார்கள், தெரியும். தெரிந்தும் ஏழு தடவை அடித்தேன்.

கம்பெனி ஆபீஸ் நம்பர். ஒரு கிளார்க். எட்டாம் நம்பர் ரூமைக் காலி பண்ணுங்கள், மருந்து காயவில்லை, சூடாகிறது என்றேன். "யாரும்மா நீங்க?" பெயர் சொன்னேன். "அதான் நீங்களே காஞ்சிருச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கீகளே, கதவுல ஒட்டியிருக்கு, நானும் பாத்தேன்." காயவில்லை சார், எடை நின்றது, அவ்வளவுதான். "எட நின்னா காஞ்சதுதானம்மா." இல்லை சார். "போர்மேன் வெளிய போயிருக்காரு. வந்ததும் சொல்லுதேன்." வைத்துவிட்டார்.

தீயணைப்பு நிலையத்துக்கும் அடித்தேன். கம்பெனி பெயர் சொன்னேன், அந்தப் பெயரில் நாலு இருக்கிறது, முகவரி சொல்லுங்கள் என்றார்கள். கதவு நம்பரா, சர்வே நம்பரா? எனக்குக் கம்பெனி வேன் வருகிற வழிதான் தெரியும்.

9.55. துறைத்தலைவரிடம் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். கையில் எடை நோட்டும் பேனாவும். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. இனி இதிலேயே எழுதுகிறேன்.

10.50. சிவகாசி ஸ்டாண்ட். பஸ் ஆமத்தூரில் பத்து நிமிடம் நின்றது. டிரைவர் டீ குடித்தார். அவரை அடித்திருப்பேன்.

ஜன்னல் வழியாகப் புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். இந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் இருக்கிற பழக்கம்தான். சத்தம் கேட்டால் திசை பார்ப்போம். அந்தத் திசையில் நம் ஆள் இல்லை என்றால் டீயைக் குடித்து முடிப்போம்.

ஆட்டோக்காரரிடம் சீக்கிரம் என்றேன். "யாருக்கும்மா சீரியஸு?" என்றார்.

11.25. கேட். வாட்ச்மேன் பெரியவர், கண்ணாடி ஒரு பக்கம் நூல் கட்டியது. "உள்ள விட மாட்டாகம்மா." அத்தான் லேபிள் எடுக்கத் திருத்தங்கல் அச்சகத்துக்குப் போயிருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பஸ் அந்த வழியாகத்தான் வந்தது, அங்கேயே இறங்கி அவரைக் கூட்டி வந்திருக்க வேண்டும்.

என் அக்கா பேச்சியம்மாளைக் கூப்பிடுங்கள், தங்கச்சி வந்திருக்கிறாள், அவசரம் என்றேன். ஒருவரை அனுப்பினார். அந்த ஆள் நடந்து போனார். ஓடச் சொல்லுங்கள் என்றேன்.

"உள்ள ஓடக் கூடாதும்மா. காலுல மண்ணு உராஞ்சா போச்சு."

கேட்டுக்கு உள்பக்கம் செருப்பு வரிசை. ரூம் ரூமாக. எட்டாம் நம்பர் என்று கரியில் எழுதின கல்லுக்குப் பின்னால் பன்னிரண்டு ஜோடி. அக்காவுடையது ஓரமாக, சேர்த்து வைத்து.

11.33. அக்கா வந்தாள். வெறுங்காலோடு, முந்தானையில் கை துடைத்துக்கொண்டே. "என்னடி, வேல நேரத்துல? ஒடம்புக்கு என்ன?"

காயவில்லை அக்கா என்றேன். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். அந்த வாடை நீ சொன்னது சரி. பெட்டி சூடு, அது தானாகப் பிடிக்கப் போகிறது. வா, இப்படியே வா, வீட்டுக்குப் போவோம். கம்பி வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விட்டிருக்கவே கூடாது.

 என் முகத்தையே பார்த்தாள், அன்றைக்குப் பார்த்தது போலவே.

"நீ சொன்னா சரிதான். அப்ப உள்ள பதினோரு பேரு இருக்காளுகளே."

கையை உருவிக்கொண்டாள். திரும்பிப் போகிறாள். நடந்துதான். நான் கத்துகிறேன், வாட்ச்மேனை அனுப்பு, கிளார்க்கை அனுப்பு. "அவுக சொன்னா வர மாட்டாளுக. நாந்தான கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனேன்."

வாட்ச்மேனுக்கு இப்போது புரிந்துவிட்டது. கேட்டைத் திறந்து வைத்துவிட்டார். மணி அடிக்கட்டுமா என்று கேட்கிறார். அடித்தால் ஓடுவார்கள். அடிக்க வேண்டாம் என்றேன். இதுவும் தப்பாக இருந்தால்?

எழுதாமல் நிற்க முடியவில்லை. எடை குறிக்கிற மாதிரி குறிக்கிறேன்.

11.38 – மூன்று பேர். மெதுவாக வருகிறார்கள். செருப்பை மாட்டுகிறார்கள், ஒருத்தி இடது வலது மாற்றி. சாலைக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னேன்.

11.40 – ஆறு.

11.42 – ஒன்பது. ஒருத்தி தூக்குவாளியை விட்டுவிட்டேன் என்று திரும்பப் பார்த்தாள். வாட்ச்மேன் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

11.43 – பதினொன்று. இரண்டு தடவை எண்ணினேன். பதினொன்று.

அக்கா இல்லை.

கடைசியாக வந்தது சந்தனமாரி. அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அக்கா எங்கே?

"பின்னாலயே வாரேன்னா. கதவுல ஒங்க தாளு ஒட்டியிருக்குல்ல, அதப் பிச்சிட்டு வாரேன்னா. நாளைக்கு ஆபீசருமாரு வந்தா எந்தங்கச்சி எழுத்து அவுக கண்ணுல படக் கூடாதுன்னா. தாளு பிஞ்சு வர மாட்டேங்கு, வச்சிரம்ல போட்டு ஒட்டியிருக்கு. நகத்தால சொரண்டிக்கிட்டு இருந்தா."

11.45 – கல்லுக்குப் பின்னால் செருப்பு ஒரு ஜோடி. நீல வார்.

11.46 – ஒரு ஜோடி.